சபைக்கு வரச் சொல்வார்கள், விலகும் வழி சொல்ல மாட்டார்கள்

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த இரண்டு செய்தியும் பழக்கமானவை. ஒரு கோயில் நிருவாகத்துக்கு இரண்டு தரப்பு மோதி, பொதுக்கூட்டம் குழம்பி, விஷயம் மாவட்ட நீதிமன்றம் வரைக்கும் போய்விட்டது என்பது ஒன்று. அதே ஊரில் வறிய பிள்ளைகளுக்கு மாதாமாதம் படிப்புக்காசு கொடுக்கும் நம்பிக்கை நிதியத்துக்குச் செயலாளர் கிடைக்கவில்லை, பழைய செயலாளரே "ஆள் கிடைக்கும் மட்டும்" என்று இழுத்துக்கொண்டு போகிறார் என்பது மற்றது. ஒரு பக்கம் கதிரைக்கு அடிபாடு, மறுபக்கம் கதிரை வெறுமை.

மரியாதை கிடைக்கிற இடத்துக்கு மட்டும்தான் நம்ம சனம் வரும் என்று இதற்குத் தீர்ப்புச் சொல்வது சுலபம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. தேர்த் திருவிழாவில் காளாஞ்சி என்ற கோயில் மரியாதையை வாங்கும் இடமும், மாத முடிவில் பற்றுச்சீட்டை எண்ணும் இடமும் ஒன்றாகுமா? ஆனால் ஊரில் பொதுவேலைக்குக் கூப்பிட்டால் வருபவர்கள் குறைவில்லை. வெள்ளம் வந்தால் சமைத்துப் போடவும், மரண வீட்டில் பந்தல் போடவும், சிரமதானத்துக்கு மண்வெட்டி தூக்கவும் ஆள் இருக்கிறது. அதே ஆட்களிடம் "சபையில் ஒரு பொறுப்பை எடுங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். "நமக்கு என்னத்துக்கு மனே இந்தக் கரச்சல்" என்பார்கள். சிரமதானம் பின்னேரம் முடிந்துவிடும். சபைப் பொறுப்பு எப்போது முடியும் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. ஆட்கள் பின்வாங்குவதற்குப் பெரிய காரணம் அதுதான் என்பது என் எண்ணம்.

பழைய முறையில் இந்தக் கேள்வியே எழவில்லை. மட்டக்களப்புத் தேசத்துக் கோயில்களில் நிருவாகத்துக்கு யார் விருப்பம் என்று கேட்கும் வழக்கம் இருந்ததில்லை. ஆளைக் குடி, அதாவது குலம், தீர்மானித்தது. காலிங்கா குடி, உலகிப்போடி குடி, படையாட்சி குடி என்று சொல்லப்படும் குடிகள் தாய்வழியில் வருபவை. பிள்ளைக்குத் தாயின் குடி, ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர் இன்ன குடியிலிருந்து வர வேண்டும், இன்ன நாள் திருவிழா இன்ன குடிக்கு அல்லது இன்ன ஊருக்கு என்பது முன்பே தீர்ந்த விஷயம். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர், திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி, மண்டூர் முருகன் போன்ற பெரிய கோயில்களின் கதையைக் குடிமுறையை விட்டுவிட்டுச் சொல்லவே முடியாது.

முஸ்லிம் ஊர்களிலும் இதே அச்சுத்தான். அக்கரைப்பற்று போன்ற இடங்களில் குடிக்கு ஒரு மரைக்காயர் என்று பள்ளிவாசல் நிருவாகத்துக்கு ஆள் வந்தது. அங்கேயும் குடி தாய்வழிதான், மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பதும் அப்படியே. மதம் வேறானாலும் சபைக்கு ஆள் எடுக்கும் கணக்கை இரண்டு சமூகமும் ஒரே மாதிரிப் போட்டிருக்கின்றன.

இந்த முறையைப் புகழ்ந்து பாட எனக்கு விருப்பமில்லை. குடிக்கு வெளியே நின்றவர்களுக்கும், தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிகளுக்கும் அதில் இடம் இருக்கவில்லை. தாய்வழியில் குடி வந்தாலும் வண்ணக்கராகத் தாய் வந்ததில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்ணக்கர் தனி ஆளாக நிற்கவில்லை, அவருக்குப் பின்னால் குடி நின்றது. செலவு கூடினால் குடி பங்கு போட்டது, கணக்குப் பிசகினால் குடிக்கு வெட்கம், குடியே கேட்டது. பாரம் ஒருவர் தலையில் மட்டும் ஏறாதபோது விலகும் வழியைப் பற்றி யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. பலருக்கு அது ஆயுட்காலப் பொறுப்பாகவே இருந்தது.

இப்போது ஊர்களில் இருக்கும் சபைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் குடி கிடையாது. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், மரண உதவிச் சங்கம், விளையாட்டுக் கழகம், பழைய மாணவர் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், அதற்கு மேல் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சுவிஸிலும் இருக்கும் ஊர்க்காரர் காசு போட்டுத் தொடங்கிய கல்வி நிதியங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தப் பட்டியல் திடீரென்று நீண்டது. வந்த ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு குழுவைக் கேட்டது. வீட்டுக்கு ஒரு பயனாளிகள் குழு, கிணற்றுக்கு ஒன்று, சுழற்சிக் கடனுக்கு ஒன்று. ஊரோ அதே ஊர், எழுதப் படிக்கத் தெரிந்து நேரமும் உள்ளவர்கள் அதே ஏழெட்டுப் பேர். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் ஒரே நேரத்தில் நாலு குழுவுக்குத் தலைவர் என்பது அப்போது சாதாரணம். நிறுவனங்கள் திட்டத்தை முடித்துக்கொண்டு போய்விட்டன. பொதுமண்டபத் திறப்பும் ஒரு வங்கிப் புத்தகமும் யாரோ ஒருவரின் அலுமாரியில் தங்கிவிட்டன. குழு கலைந்தது என்று தீர்மானம் எழுதவும் ஆள் கூடவில்லை.

அந்த மாதிரிக் கணக்குகளுக்கு என்ன நடக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 10 வருடம் அசையாமல் கிடக்கும் வைப்பு, வங்கிச் சட்டப்படி கைவிடப்பட்ட ஆதனமாகக் கருதப்பட்டு மத்திய வங்கிக்கு மாற்றப்படும். உரியவர் கேட்டால் திரும்பப் பெறலாம். ஆனால் உரியவர் யார் என்று காட்ட நடப்பில் ஒரு சபை வேண்டும். அது இல்லாததால்தானே கணக்கு அசையாமல் கிடந்தது!

சட்டம் என்ன சொல்கிறது என்று இனிப் பார்ப்போம். இங்கேதான் முன்வருகிறவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். "சபை" என்று ஊரில் ஒரே பெயரில் சொன்னாலும் சட்டத்தில் அவை வேறு வேறு.

பள்ளிவாசல் என்றால் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டம். ஜமாஅத்தார் தெரிவு செய்யும் பெயர்களை வக்பு சபை நியமித்தால்தான் நம்பிக்கையாளர் சபை சட்டப்படி சபையாகும். தவணை உண்டு, கணக்குக் காட்டும் கடமை உண்டு, பிணக்கு வந்தால் மேலே போக வக்பு நியாய சபை உண்டு. பௌத்த விகாரைச் சொத்துக்களுக்கு 1931 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. இந்துக் கோயிலுக்கு அப்படித் தனிச் சட்டம் எதுவும் கிடையாது. இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களத்தில் கோயிலைப் பதியலாம். நிருவாகத்தில் வழக்கு என்று வந்தால் 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்துக்குத்தான் போக வேண்டும். அந்தச் சட்டத்தின் 102ஆம் பிரிவின்படி கோயிலில் அக்கறை உள்ள ஐந்து பேர் சேர்ந்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். ஐந்து பேர் என்பது எவ்வளவு சிறிய எண்ணிக்கை என்று ஒரு வண்ணக்கரிடம் கேட்டுப் பாருங்கள், பெருமூச்சு விடுவார்.

அதே 1917 சட்டம்தான் நம்பிக்கை உறுதி, அதாவது அறக்கட்டளைப் பத்திரம், எழுதித் தொடங்கும் கல்வி நிதியத்துக்கும், மருத்துவ உதவி நிதியத்துக்கும், நூலக நிதியத்துக்கும் பொருந்துகிறது. இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது இது. நம்பிக்கைப் பொறுப்பாளர் தலையில் அது ஏற்றும் பாரம் லேசானதில்லை. புத்தியுள்ள ஒரு சாதாரண மனிதர் தன் சொந்தச் சொத்தைக் கவனிக்கும் அளவுக்கு நிதியத்தின் சொத்தைக் கவனிக்க வேண்டும். உறுதியில் எழுதாவிட்டால் சம்பளம் கேட்க முடியாது. பொறுப்பை இன்னொருவர் கையில் தூக்கிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேல், பொறுப்பை ஒருமுறை ஏற்ற பிறகு நினைத்த நேரத்தில் உதறவும் முடியாது. நீதிமன்றத்தின் அனுமதியோ, உரித்துடைய பயனாளிகளின் சம்மதமோ, உறுதியிலேயே விலகுவதற்கு என்று எழுதிய ஓர் ஏற்பாடோ வேண்டும்.

பயனாளிகள் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் என்றால் அவர்களிடம் போய்ச் சம்மதம் வாங்கவா முடியும்? நீதிமன்றம் போவதென்றால் சட்டத்தரணிக்குக் காசு யார் கட்டுவது? அப்படியானால் எஞ்சி நிற்பது உறுதியில் உள்ள அந்த ஒரு வரிதான். நொத்தாரிசிடம் போய் உறுதி எழுதுகிற அன்றைக்கு எல்லோர் கவனமும் நோக்கத்தில் இருக்கும். யாருடைய ஞாபகார்த்தம், எந்தப் பிள்ளைகளுக்கு, எத்தனை பேருக்கு. விலகும் ஏற்பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் "தொடங்கும்போதே போகிற கதையா" என்று முகம் சுளிப்பார்கள். சகுனம் பார்க்கிற ஊர் அல்லவா.

சங்கமாகப் பதிந்தால் நிலைமை கொஞ்சம் லேசு. கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு யாப்பு இருக்கிறது, வருடாந்தப் பொதுக்கூட்டம் இருக்கிறது, அங்கே பழைய நிருவாகம் கலைந்து புதியது வரும். குறைந்தது கடதாசியில். உத்தரவாதத்தால் வரையறுத்த கம்பெனியாக 2007ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிந்தால், பணிப்பாளர் எழுத்தில் கடிதம் கொடுத்து விலகலாம், மாற்றத்தைக் கம்பெனிப் பதிவாளருக்கு அறிவித்தால் சரி. ஆனால் வருடாவருடம் அங்கே நிரப்ப வேண்டிய படிவங்களும் கணக்காய்வுச் செலவும் ஒரு சின்ன நிதியத்துக்குத் தாங்காது. ஆகவே வெளிநாட்டிலிருந்து காசு போடுகிறவர்கள் எதைப் பதிவது என்று தீர்மானிக்கும்போது, எது லேசாகத் தொடங்கும் என்று மட்டும் பார்க்காமல், உள்ளே இருப்பவர் எப்படி வெளியே வருவார் என்றும் பார்ப்பது நல்லது.

ஒரு காசோலைப் புத்தகத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். சபைக் கணக்கு வழக்கமாகத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்தில் ஓடும். தலைவர் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் செய்பவர், செயலாளர் கொழும்பில் வேலை, மாதத்தில் ஒரு சனி ஞாயிறு ஊருக்கு வருவார். பொருளாளர் மட்டும் ஊரில். பிள்ளைகளுக்கு மாதக் காசு பத்தாம் திகதிக்கு முன் போக வேண்டும். என்ன செய்வார்கள்? செயலாளர் ஊருக்கு வந்த அன்று புத்தகத்தில் உள்ள அத்தனை தாளிலும் கையெழுத்தை வைத்துவிட்டு இரவு பஸ் ஏறுவார். தொகை இல்லை, பெயர் இல்லை, திகதி இல்லை. கையெழுத்து மட்டும் இருக்கிறது. இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. வேலை நடக்க வேண்டும் என்ற அவசரம்தான்.

இரண்டு கையெழுத்து என்ற ஏற்பாட்டின் பொருள் அந்த இரவோடு போய்விட்டது. மற்றப் பொறுப்பாளர் செய்த தவறுக்குப் பொதுவாக ஒருவர் பொறுப்பில்லை என்றுதான் சட்டமும் சொல்கிறது. ஆனால் காசை அவர் கையில் விட்டுவிட்டு அது எங்கே போனது என்று பார்க்காமல் இருந்தால், அல்லது தவறு தெரிந்தும் வாய் மூடி இருந்தால், அப்போது இவரும் பொறுப்பு. வெற்றுத் தாளில் கையெழுத்து வைத்தவர் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொன்னால் அது அவரைக் காப்பாற்றாது, அதுவே அவருக்கு எதிரான சாட்சி. காசு வேண்டுமென்றே சுருட்டப்பட்டால் தண்டனைச் சட்டக் கோவையின் கீழ் நம்பிக்கை மோசடி என்ற குற்றமும் வரும். வெறுமனே கையெழுத்துப் போட்டவரைப் பொலிசுக்குக் கூப்பிட்டார்கள் என்ற கதை ஒரு தரம் ஊரில் பரவினால் போதும், அடுத்த ஐந்து வருடத்துக்குப் பொருளாளர் பதவிக்கு ஆள் கிடைக்காது.

விலகும்போதும் இதே புத்தகம்தான் குறுக்கே நிற்கும். பதவியை விட்டுவிட்டேன் என்று ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிடுவார். எல்லோரும் கைகூப்பும் படம் போடுவார்கள். வங்கிக்கு அது செல்லாது. புதிய நிருவாகத் தெரிவின் கூட்டறிக்கை, கையெழுத்து மாற்றத் தீர்மானம், பல இடங்களில் கிராம உத்தியோகத்தரின் அல்லது பிரதேச செயலகத்தின் உறுதிப்படுத்தல் கடிதம், புதியவர்களின் அடையாள அட்டைப் பிரதிகள் எல்லாம் கேட்பார்கள். இது முடியும்வரை பழையவரின் கையெழுத்துத்தான் உயிரோடு இருக்கும். சில மாதம் போய்விட்டால் பழைய செயலாளருக்கு அது ஞாபகமே இராது.

இவ்வளவையும் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் வருகிற ஒன்றிரண்டு பேரும் ஓடிவிட மாட்டார்களா என்று ஒரு நிதியத்தின் தலைவர் என்னிடம் கேட்டார். நியாயமான பயம். அதனால்தான் நம் பொதுக்கூட்டங்களில் ஆள் பிடிக்கும் வேலை பின்னேரம் ஆறு மணிக்குத் தேநீருக்கும் வடைக்கும் நடுவில் நடக்கிறது. ஒருவர் முன்மொழிவார், பக்கத்தில் இருப்பவர் யோசிக்காமல் வழிமொழிவார், கைதட்டு விழும், மாட்டிக்கொண்டவர் சிரித்துக்கொண்டு எழும்புவார். கூட்டத்துக்கு வராதவரைத் தெரிவு செய்வது இன்னும் சுலபம், மறுக்க ஆள் இல்லை. இப்படி வந்தவர் மூன்றாவது கூட்டத்தோடு காணாமல் போவார் என்பது எல்லோருக்கும் தெரியும், அடுத்த வருடமும் அப்படியே செய்வார்கள். ஆள் ஓடிவிடுவார் என்று பயந்து மறைத்ததால்தான் ஆள் ஓடுகிறார் என்று நான் அவரிடம் சொன்னேன். அவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை.

நம் மண்ணிலேயே இதற்கு மாறான ஓர் ஆளைப் பார்க்கலாம், வட்டவிதானையார். வயல் கண்டத்தில் தண்ணீர் விடுவது, வாய்க்கால் துப்புரவு, வேலி, மாடு காப்பது என்று எல்லாக் கரச்சலும் அவர் தலையில். பிரித்தானியர் காலத்து வெல்விதானை என்ற வயல், நீர்ப்பாசன அதிகாரி முறையை 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம் எடுத்துவிட்டுப் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தது. பிறகு சட்டங்கள் மாறி, 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கமக்காரர் அமைப்புகள் இயங்குகின்றன. இத்தனை மாறியும் கிழக்கில் வட்டவிதானையார் என்ற ஆள் மறையவில்லை. காரணம் விளங்கக் கூடியது. போகம் தொடங்கும்போது விவசாயிகள் கூடிப் பேசி ஆளைப் போடுவார்கள். என்ன வேலை என்பது எல்லோருக்கும் தெரியும். அறுவடையில் ஏக்கருக்கு இவ்வளவு நெல் என்று அவருக்கு உண்டு. சரிவரச் செய்யாவிட்டால் அடுத்த போகத்துக்கு வேறு ஆள். அவருக்கே போதும் என்றிருந்தாலும் சூடு அடித்து முடிந்ததும் விலகலாம், யாரும் துரோகி என்று சொல்லப் போவதில்லை. வருவதும் போவதும் போகத்தோடு.

நம்பிக்கை நிதியத்தில் நெல் கொடுக்க முடியாது, கொடுக்கவும் வேண்டாம். ஆனால் பஸ் காசு, போன் காசு, போட்டோப் பிரதிக் காசு கொடுக்கலாம். சட்டமும் அதைத் தடுக்கவில்லை. நிதியத்துக்காகச் செய்த முறையான செலவை நிதியத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நம் ஆட்களுக்கு அதைக் கேட்க வெட்கம். களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்புக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, நாலு தரம் சொந்தக் காசில் போய் வந்தவர் ஐந்தாவது தரம் "எனக்கு நேரமில்லை" என்பார். காசு இல்லை என்று சொல்ல மாட்டார். சபையும் அவருக்கு அக்கறை குறைந்துவிட்டது என்று எழுதிக்கொள்ளும். தொண்டு என்றால் கைக்காசையும் போட வேண்டும் என்று எதிர்பார்த்தால் சபையில் மிஞ்சுவது ஓய்வூதியக்காரரும் கடைக்காரரும்தான். நாள் கூலிக்குப் போகிறவருக்கும், கடைசிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய்க்கும் அங்கே இடமில்லை என்று எழுதாமல் எழுதிவிடுகிறோம்.

தாய் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கணக்குப் புத்தகம் ஒழுங்காக இருக்கும் இடம் எது என்று என்னிடம் கேட்டால், யோசிக்காமல் மாதர் சங்கங்களைச் சொல்வேன். நூறு ரூபாய் சேமிப்பையும் வரி போட்டு எழுதி, கூட்டத்தில் வாசித்து, கையெழுத்து வாங்குகிற பழக்கம் அவர்களிடம் உண்டு. குழுக்கடனில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் கட்ட வேண்டி வந்த அனுபவம், கையெழுத்து என்றால் என்ன என்பதை அவர்களுக்குச் செலவோடு படிப்பித்திருக்கிறது. ஆனால் அதே பெண் கோயில் பரிபாலன சபையிலோ பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையிலோ இருப்பதைக் காண்பது அபூர்வம். கல்வி நிதியங்களில் போடுவார்கள், "மகளிர் பிரதிநிதி" என்று ஒரு கதிரை. பொருளாளர் கதிரையை ஏன் கொடுப்பதில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

தாய்வழிக் குடியிருப்பின் இன்னொரு பக்க விளைவும் உண்டு. இங்கே ஆண்கள் பலர் மனைவியின் ஊரில் இருப்பவர்கள். அவருடைய குடி உரிமையும் கோயில் உரிமையும் தாயின் ஊரில், வீடும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் மனைவியின் ஊரில். சபை என்று வரும்போது "அவர் இங்கே கட்டின மாப்பிள்ளைதானே" என்று ஒதுக்குவார்கள். வங்கியில் வேலை செய்தவர், கணக்கியல் ஆசிரியர், கணினி தெரிந்தவர் என்று நல்ல ஆட்கள் பலர் இந்த மாப்பிள்ளைக் கணக்கில் அடிபட்டுப் போகிறார்கள். குடிச் சண்டையில் எந்தப் பக்கமும் சேராதவர் என்பதால் பொதுநிதியம் ஒன்றுக்கு அவர்தான் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டுக் காசு வரும் நிதியங்களில் சிக்கல் வேறு விதம். காசு போடுகிறவர் ஒரு நாட்டில், முடிவு எடுப்பவர் அங்கே, கையெழுத்தும் பழியும் இங்கே. இரவு பதினொரு மணிக்கு ரொறன்ரோவிலிருந்து வீடியோ அழைப்பு வரும்: பிள்ளைகளோடு படம் எடுத்து அனுப்பினீர்களா, ரசீது எங்கே, போன மாதம் ஏன் ஒரு பிள்ளை குறைந்தது? கேட்பதில் தவறில்லை, காசு கொடுத்தவருக்குக் கேட்க உரிமை உண்டு. ஆனால் கேள்வி கேட்கப்படும் ஆள் சம்பளம் வாங்காத தொண்டர். கணக்குக் காட்டு என்பதைக் கள்ளனிடம் கேட்பது போலக் கேட்டால் நல்ல ஆட்கள்தான் முதலில் போவார்கள். கள்ளன் இருந்துகொள்வான், அவனுக்கு அது பழக்கம்.

இளம் ஆட்களைப் பற்றிப் பெரியவர்கள் குறைப்படுவதை நான் பாதிதான் எடுத்துக்கொள்வேன். இருபத்தைந்து வயதுக்காரர் கட்டார் விசாவுக்கு எழுதிப்போட்டுவிட்டு இருப்பவர். மூன்று வருடம் இருப்பேன் என்று அவரால் எப்படி வாக்குக் கொடுக்க முடியும்? ஆறு மாதத்துக்கு ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். புலமைப்பரிசில் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது, பழைய பற்றுச்சீட்டுகளைப் படம் எடுத்துக் கணினியில் ஏற்றுவது, கணக்கை ஒரு அட்டவணையாக்குவது. செய்து தருவார்கள். அதைச் செய்தவரில் யாரோ ஒருவர் நாளைக்கு ஊரோடு இருந்தால், சபைக்கு வரும்போது அவருக்கு வேலை தெரிந்திருக்கும்.

சபை நடத்துகிறவர்கள் செய்யக்கூடிய வேலைகளில் மிகச் சிறியதும் மிகப் பலன் தருவதும் என்று நான் கருதுவது, எல்லோருடைய தவணையையும் ஒரே நாளில் முடியவிடாமல் வைப்பது. ஏழு பேர் என்றால் இந்த வருடம் இரண்டு பேர் போவார்கள், இரண்டு பேர் வருவார்கள், அடுத்த வருடமும் அப்படி. அப்போது வருகிறவருக்குச் சொல்லிக்கொடுக்க உள்ளே ஆள் இருக்கும், போகிறவருக்கும் எல்லாம் இடிந்து விழும் என்ற குற்ற உணர்வு இருக்காது. உறுதியிலோ யாப்பிலோ மூன்று வரி போதும்: தவணை எத்தனை வருடம், தொடர்ந்து எத்தனை தவணை, எழுத்தில் அறிவித்து எத்தனை நாளில் விலகல் நடைமுறைக்கு வரும். ஏற்கெனவே எழுதிய உறுதியில் இது இல்லை என்றால் அதைத் திருத்த முடியுமா, எப்படி என்பதை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள், உறுதிக்கு உறுதி வேறுபடும்.

சரி, உங்களிடம் வந்து "சபையில் இருங்களேன்" என்று கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆம் என்பதற்கு முன் உறுதியின் அல்லது யாப்பின் பிரதியைக் கேளுங்கள். தருவதற்குத் தயங்கினால் அதுவே பாதிப் பதில். கடைசி இரண்டு வருடக் கணக்கையும் கூட்டறிக்கைப் புத்தகத்தையும் ஒரு பின்னேரம் இருந்து பாருங்கள். கூட்டறிக்கையில் எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக என்று இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள், நம் ஆட்கள் அவ்வளவு ஒற்றுமையானவர்கள் இல்லை. காணி, கட்டடம், நகை என்று சொத்து ஏதும் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். உங்களுக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவரைச் சந்தித்து ஏன் விலகினார் என்று கேளுங்கள். நேரே பதில் சொல்லாவிட்டாலும் சொல்லாத விதத்தில் தெரியும்.

விலகும் நாள் வந்தால் கடிதத்தைக் கையில் கொடுத்து, பிரதியில் திகதியோடு பெற்றுக்கொண்டேன் என்று ஒப்பம் வாங்குங்கள். திறப்பு, காசோலைப் புத்தகம், பற்றுச்சீட்டுக் கட்டு, இறப்பர் முத்திரை என்று கொடுத்த ஒவ்வொன்றையும் எழுதி அதிலும் ஒப்பம் வாங்குங்கள். அப்புறம் வங்கிக்குப் போய் உங்கள் கையெழுத்து நீங்கிவிட்டதா என்று நீங்களே கேட்டுவிட்டு வாருங்கள். மாற்றிவிட்டோம் என்று சபை சொன்னாலும்.